நெஞ்சுறுதியும் துணைப் படகும்



பள்ளிமுனைக் கரையில் விடியற்காலையில் நின்றவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். இரவு தொழிலுக்குப் போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையை அண்டும்போது, காத்து நிற்கும் பெண்ணின் கண் முதலில் தேடுவது மீனை அல்ல, ஆளை. ஆள் வந்து சேர்ந்துவிட்டார் என்று கண்ட பின்னர்தான் வலையில் என்ன பட்டது, நண்டு எத்தனை கிலோ, முதலாளி என்ன விலை போட்டார் என்ற பேச்செல்லாம் எழும். கடலோரக் குடும்பங்கள் பரம்பரையாகக் கற்று வைத்திருக்கும் இந்த ஒழுங்கை மனத்தில் இருத்திக்கொண்டு இவ்வாரப் பாடத்துக்குள் நுழைவோம்.

பாடம் நெஞ்சுறுதியைப் பற்றியது. மனம் தளராதே, விட்டுவிடாதே என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லாத பெற்றோர் இல்லை. பாடசாலைச் சுவர்களிலும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டால் நம்மிற் பலர் வாய் திறக்க மாட்டோம். மிஞ்சினால், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்போம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கற்றுத் தரக்கூடியவர்கள் நமது மன்னார்த் தீவின் மறு முனையிலேயே கடலில் இறங்கியிருக்கிறார்கள், கரையேறியும் இருக்கிறார்கள்.

தலைமன்னாரிலிருந்து

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல் கிடக்கிறது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை 'போட் மெயில்' பயணிகள் கப்பலேறிக் கடந்த கடல் அது. அப்படிப் போய்வந்த கதையை நமது பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கப்பலும் இன்றி வள்ளமும் இன்றி, தம் கைகால்களை மட்டும் நம்பிப் பாக்கு நீரிணையைக் கடக்கப் புறப்பட்டவர்களின் கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

அவர்களில் முதல்வராக அறியப்படுபவர் வடமராட்சியின் தொண்டைமனாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி. 1954ஆம் ஆண்டு 27 மணி நேரம் நீந்தி மறு கரை சேர்ந்தார். அடுத்து 1966 ஏப்ரலில் கல்கத்தா வழக்கறிஞர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். பின்னர் வல்வெட்டித்துறை ஈன்ற குமார் ஆனந்தன், 1971இல் நீரிணையைக் கடந்ததோடு நில்லாமல் திரும்பியும் நீந்தி, இருவழிக்குமாக 51 மணி நேரம் கடலில் இருந்தார். மக்கள் அவரை ஆழிக்குமரன் என்று அழைத்தது சும்மா அல்ல. 1979இல் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் துவிச்சக்கர வண்டி ஓட்டிய மனிதரும் அவரே.

அண்மைக் காலத்திலும் இக்கடல் ஆளில்லாமல் இருக்கவில்லை. 2021 மார்ச்சில் தெலுங்கானாவைச் சேர்ந்த சியாமளா கோலி தலைமன்னாரிலிருந்து 13 மணி 43 நிமிடத்தில் அக்கரை சேர்ந்தார். இவர் நாற்பது வயதைக் கடந்த பிறகு நீச்சல் கற்றவர் என்பதை, 'இனி எனக்கு எங்கே முடியும்' என்று சொல்லும் நம் தாய்மார் கவனிக்க வேண்டும். அடுத்த மாதமே இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரில் இறங்கி, தனுஷ்கோடியைத் தொட்டுத் திரும்பி, 28 மணி 19 நிமிடத்தில் கரையேறினார். 2022 மார்ச் 20ஆம் நாள் மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் என்ற 13 வயதுச் சிறுமி 13 மணி 10 நிமிடத்தில் தனுஷ்கோடி சேர்ந்தாள். அவள் ஆட்டிசம் என்னும் குறைபாட்டோடு பிறந்து, பேச்சு வருவதற்கே சிரமப்பட்ட பிள்ளை.

இவர்கள் இறங்கிய மாதங்களைக் கவனியுங்கள். மார்ச்சும் ஏப்ரலும்தான், நமது கணக்கில் பங்குனியும் சித்திரையும். வாடை தணிந்து, சோளகம் எழுமுன் கடல் அடங்கிக் கிடக்கும் காலம். வாடை உரத்து வீசும் மார்கழியில் இறங்கித் தம் துணிவைக் காட்ட வேண்டும் என்று இவர்கள் நினைக்கவில்லை. காலம் பார்த்துக் காத்திருப்பதைக் கோழைத்தனம் என்று கடற்றொழிலாளி சொல்ல மாட்டார். ஆனால் அதே மனிதர், உயர்தரப் பரீட்சையில் ஒருமுறை தவறிய தம் மகன் 'அடுத்த தடவை எடுக்கிறேன்' என்றால் ஏன் முகம் சுளிக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த குவளை வரை

முப்பது கிலோமீற்றரை ஒருவர் எப்படி நீந்துகிறார்? அக்கரையை நினைத்துக்கொண்டு அல்ல. நீரில் இருப்பவனுக்கு அக்கரை தெரியவே தெரியாது. தலைமன்னாரிலிருந்து விடியுமுன் இருட்டில் இறங்குபவனுக்கு இக்கரையே சற்று நேரத்தில் மறைந்துவிடும். பிறகு உப்புநீரும் கையும் மட்டுமே. நாக்குத் தடிக்கும், தோளும் கழுத்தும் உப்பில் உரசிப் புண்ணாகும், ஜெல்லி மீன் சுடும். அந்த நிலையில் 'இன்னும் எத்தனை கிலோமீற்றர்' என்று கேட்பவன் அநேகமாக அத்தோடு நொந்துபோவான்.

நெடுநீச்சல்காரர் பழகிக்கொள்ளும் வழி வேறு. அரைமணி அல்லது முக்கால் மணிக்கொருமுறை துணைப் படகிலிருந்து ஒரு குவளை பானமும் சிறிது உணவும் வரும். அவர் நீந்துவது அடுத்த குவளை வரைதான். அது வந்ததும் மிதந்தபடியே குடிப்பார். பிறகு அதற்கடுத்த குவளை வரை. இப்படித் துண்டுதுண்டாகத்தான் ஒரு கடல் கடக்கப்படுகிறது. பெரிய இலட்சியம் கரையில் நிற்கும்போது தேவைப்படுவது. இறங்கிய பின்னர் அடுத்த அரைமணியே போதும்.

இதை விளங்கிக்கொள்ளத் தூரம் போகத் தேவையில்லை. 1990இல் இடம்பெயர்ந்து அலைந்தவர்கள் பள்ளிமுனை மக்கள். திரும்பி வந்தபோது, கடற்படை நிலைகொண்டிருந்த தம் வீட்டுக் காணிகளுக்குள் கால் வைக்க முடியாத குடும்பங்கள் இருந்தன. அவற்றை மீட்பதற்காக மன்னார் நீதிமன்றப் படிகளை அவர்கள் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கினார்கள். அவர்களில் பெண்களே முன்னின்றார்கள். ஒரு தவணை முடிந்தால் அடுத்த தவணைத் திகதியைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போவது, அன்றைக்குச் சோறு ஆக்குவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, குறித்த திகதியில் உறுதிப் பத்திரத்தின் பிரதியோடு மறுபடியும் வந்து நிற்பது என்றே அவர்களுடைய நாள்கள் போயின. அவர்களுடைய படத்தை எந்தச் சாதனைப் புத்தகமும் போடாது. ஆயினும் நெஞ்சுறுதி என்ற சொல்லுக்கு அவர்களைவிட நல்ல பொருளை நான் கண்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரை தெரிகிறபோதே மிகக் கடினமான கட்டம் வரலாம். ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திய கப்டன் மத்தேயு வெப், 1875 ஆகஸ்ட் 12இல் இறங்கியபோது காற்றும் கடலும் இடம் கொடாமல் பாதியில் ஏறிவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் இறங்கினார். பிரான்சுக் கரை கண்ணுக்குத் தெரிந்த பின்னரும் நீரோட்டம் அவரைச் சேரவிடாமல் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கரைக்கு அப்பாலேயே அலைக்கழித்தது. மொத்தம் 21 மணி 45 நிமிடத்தில் கரை சேர்ந்தார். கடைசித் தவணையோடு கடன் முடியும் என்று இருக்கும்போது வலை அறுபடுவதும், பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கையில் வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுவதும் நமக்குத் தெரியாதவையா? அந்நேரம் 'எனக்கு மட்டும் ஏன்' என்ற கேள்வி எழும். எழுந்தால் அது பலவீனம் அல்ல. கரைக்கு அருகில் நீரோட்டம் இருப்பது இயல்பு.

படகில் இருப்பவர்கள்

இப்போது இப்பாடத்தின் உள்ளிடத்துக்கு வருகிறோம். மேலே சொன்ன நீச்சல்காரர்களைப் பற்றி எழுதும்போது 'தனியொருவராக' என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். உண்மையில் எவரும் தனியாக நீந்தவில்லை. மிகிர் சென் தலைமன்னாரில் இறங்கியபோது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வந்தன. மற்ற நெடுநீச்சல்காரர்களுக்கும் படகு உண்டு. அதில் வழி பார்ப்பவர், உணவு கொடுப்பவர், கவனித்துக் குறிப்பெழுதுபவர் என்று ஆட்கள் உண்டு.

அந்தப் படகுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. நீந்துபவர் படகைத் தொடக் கூடாது. படகில் உள்ளவர்களும் அவரைத் தாங்கக் கூடாது. தொட்டால் முயற்சி அத்தோடு முடிந்தது. ஆகவே குவளையைக் கயிற்றிலோ நீண்ட கழியிலோ கட்டித்தான் நீட்டுவார்கள். ஒரு முழத் தூரத்தில் மகன் துவண்டு மிதக்க, தந்தை கையை நீட்டாமல் கழியை மட்டும் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதே வேளையில் படகு விலகிப் போகவும் கூடாது. முன்னே ஓடிவிட்டால் அதன் அலை நீந்துபவரின் முகத்தில் அடிக்கும். பின்னே தங்கினால் அவருக்கு வழி தவறும். அவர் வேகம் எதுவோ அதுவே படகின் வேகம்.

பெற்றோரே, இப்படகைச் சற்று எண்ணிப் பாருங்கள். நமது வீடுகளில் பத்து வயதுப் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகிறது. சில வீடுகளில் அம்மாவே கடலில் குதித்துவிடுகிறார். பிள்ளையின் வேலையைத் தாமே செய்து, விடைகளைத் தாமே மனனம் பண்ணி, பரீட்சை தமக்கே வந்ததுபோல் நித்திரை இழக்கிறார். வேறு சில வீடுகளில் படகு முன்னே பாய்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இத்தனை புள்ளி, பெரியப்பா மகள் பல்கலைக்கழகம் என்று அலை எழுப்பிக்கொண்டு போகிறது. அந்த அலை பிள்ளையின் முகத்தில் அடிக்கிறது என்பது படகில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. இன்னும் சில வீடுகளில் படகே இல்லை. காசு கட்டி வகுப்புக்கு அனுப்பியாயிற்று, இனி அவன் பாடு என்று இருந்துவிடுகிறோம்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. வாரந்தோறும் கடன் தவணை கட்டும் பெண்ணுக்கும், தொழில் படுத்துப் போன மாதங்களில் வாய் திறவாமல் திண்ணையில் குந்தியிருக்கும் ஆணுக்கும் ஒரு படகு வேண்டும். ஆண்கள் இதை ஒத்துக்கொள்வது குறைவு. கடலில் இறங்கினால் இரண்டு பேராக இறங்கும் மனிதர், வீட்டுக் கவலையில் மட்டும் தனியாக இறங்கித் தனியாகவே தத்தளிப்பார். கடனின் அளவு மனைவிக்குத் தெரியாமலே போய், கடன்காரர் வாசலுக்கு வந்த அன்றுதான் தெரியவரும் வீடுகள் எத்தனை!

ஏறச் சொல்லும் நேரம்

குமார் ஆனந்தனின் கதையைப் பாதியில் விட்டேன். அவர் 1984 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியின்போது உயிர் நீத்தார். இப்பகுதியை விட்டுவிட்டு அவரைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது நேர்மையாகாது என்று நினைக்கிறேன். கால்வாயை வென்ற கப்டன் வெப்பும் 1883இல் நயாகரா அருவிக்குக் கீழேயுள்ள சுழல்நீரை நீந்தப் போய் மாண்டார். இவர்களிடம் நெஞ்சுறுதி குறைவாக இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. நெஞ்சுறுதி மட்டும் எல்லாவற்றையும் வெல்லும் என்று நாம் மேடைகளில் முழங்குவது சரியல்ல என்பதைத்தான் இந்த மரணங்கள் காட்டுகின்றன. மனத்துக்கு எல்லை இல்லை என்று சொல்லலாம். உடலுக்கு உண்டு, கடலுக்கும் அதன் குணம் உண்டு.

பாக்கு நீரிணை வெதுவெதுப்பான கடல். ஆங்கிலக் கால்வாயோ கோடையிலும் குளிர் கடல். குளிர்ந்த நீர் உடலின் சூட்டை, குளிர்ந்த காற்றைவிடப் பல மடங்கு விரைவாக உறிஞ்சும். சூடு குறையக் குறையக் கை சோர்வதோடு புத்தியும் மங்கத் தொடங்கும். அதில் உள்ள ஆபத்து யாதெனில், தான் மங்குவது நீந்துபவருக்கே தெரியாது. 'நான் நன்றாக இருக்கிறேன், விடுங்கள்' என்றுதான் சொல்வார். ஆகவே படகில் இருப்பவர்கள் அவருடைய சொல்லை நம்பி இருக்க மாட்டார்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை கை வீசுகிறார் என்று எண்ணிக் குறித்து வைப்பார்கள். அறுபதாக இருந்தது ஐம்பதாகி, ஐம்பது நாற்பதாகிறதா என்று பார்ப்பார்கள். கேட்டதற்குப் பதில் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் ஏறச் சொல்வார்கள். ஏறாவிட்டால் தூக்கிப் போடுவார்கள். அந்த அதிகாரத்தை, புத்தி தெளிவாக இருக்கும்போதே, நீந்துபவர் அவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறார்.

அமெரிக்க நீச்சல் வீராங்கனை புளோரன்ஸ் சாட்விக் 1952 ஜூலையில் கட்டலினாத் தீவிலிருந்து கலிபோர்னியாக் கரைக்கு நீந்தினார். ஆங்கிலக் கால்வாயை நீந்திய அவரைப் பற்றி வாசித்த பிறகே மிகிர் சென்னுக்கும் அந்த ஆசை பிறந்தது. கட்டலினா நீச்சல் நாளில் மூடுபனி. ஏறத்தாழ 16 மணி நேரம் நீந்திய பின் தம்மை ஏற்றிவிடும்படி கேட்டார். அவர் தாயாரும் படகில் இருந்தார். கரை கிட்டிவிட்டது என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மறுபடியும் கேட்கவே ஏற்றிவிட்டார்கள். கரை ஒரு மைல் அளவில்தான் இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. மேடைப் பேச்சாளர்கள் இக்கதையை அடிக்கடி சொல்வார்கள். இலக்கு கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அவர் தோற்றிருக்க மாட்டார் என்று முடிப்பார்கள். எனக்கு அந்தத் தாயைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு மைலுக்காக மகளை நீரில் பிடித்து வைத்திருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே மகள் அதே கடலில் இறங்கி, 13 மணி 47 நிமிடத்தில் கரை சேர்ந்தாள்.

வீட்டில் கை வீச்சை எண்ணுவது எப்படி என்று கேட்பீர்கள். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. நன்றாகச் சாப்பிட்டு வந்த பிள்ளை கோப்பையில் பாதியை வைத்துவிட்டு எழும்புகிறதா? இரவு இரண்டு மணிக்கும் அறையில் வெளிச்சம் எரிகிறதா? பந்தடிக்கப் போனவன் போவதை நிறுத்திவிட்டானா? சிரித்துப் பேசிய மருமகள் இரண்டு வாரமாக ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறாளா? 'ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்' என்ற பதில் வரும். அதை முழுதும் நம்பவும் வேண்டாம், அதற்காகச் சண்டை பிடிக்கவும் வேண்டாம், எண்ணிக்கொண்டு இருங்கள். குறைந்துகொண்டே போனால் அருகே செல்லுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற சொல் ஒருமுறை வாயில் வந்தாலும் அதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல உதவிச் சேவையில் பேசலாம். ஊர் என்ன சொல்லும் என்று ஒளிப்பது, குளிரில் மங்கியவனை இன்னும் ஒரு மைல் நீந்தச் சொல்வதற்கு ஒப்பாகும்.

முயற்சியைக் கைவிடச் சொல்கிறேன் என்று எவரும் எண்ணலாகாது. மிகிர் சென் 1958இல் கால்வாயை நீந்தி முடிப்பதற்கு முன் தோற்ற தடவைகள் பல. ஒவ்வொரு தடவையும் ஏறினார்; ஆகவேதான் மறுபடியும் இறங்க ஓர் ஆள் இருந்தார். இறங்குவதற்கு முன் பேசி வைத்துக்கொள்ள வேண்டியதை நாம் பேசி வைப்பதில்லை, அதுதான் நம் குறை. மகள் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறாள், மகன் புதிதாக இயந்திரம் வாங்கித் தொழில் தொடங்குகிறான், தகப்பன் குடியை விட முயல்கிறார் என்றால், ஒரு மாலையில் செபம் முடிந்த பின் பாயைச் சுருட்டாமல் இன்னும் கால் மணி நேரம் அப்படியே இருந்து பேசுங்கள். படகில் யார் இருப்பது? எத்தனை நாளுக்கொருமுறை குவளை நீட்டுவது? எது நடந்தால் ஏறிவிட வேண்டும்? ஏறினால் ஒருவரும் பழித்துப் பேசக் கூடாது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். குடியை விட முயலும் தகப்பனுக்கு ஒரு நாள் சறுக்கினால் அன்று யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதையும் குறித்து வைப்பது நல்லது. அந்த ஆள் மனைவியாக இல்லாமல் ஒரு நல்ல சிநேகிதராக இருந்தால் சில வேளை சொல்வதற்கு எளிதாயிருக்கும்.

இதை வாசிக்கும் நாளில் உங்கள் வீட்டுப் பிள்ளை மாலை வகுப்பு முடிந்து, புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே வாசலில் வந்து நிற்கக்கூடும். ஒரு கோப்பைத் தேநீரைக் கொடுங்கள். முகத்தைப் பாருங்கள். புள்ளி எத்தனை என்ற கேள்வி இரவுச் சாப்பாடு முடியும்வரை இருக்கட்டும்.